யாமினி போட்ட போன்

அத்தியாயம் 9

கெல்லிவில் வந்து சேரும்போது மதியம் ஒரு மணி தாண்டிவிட்டது. சிறி காரை ஓரங்கட்டிவிட்டு தெருவை மேலும் கீழும் பார்த்தார். எல்லா வீடும் ஒரே வீடு. சாம்பல் ஓடு, டபுள் கராஜ், வாசலில் வளரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் இரண்டு செடி. சிட்னியில் காலமெல்லாம் டாக்ஸி ஓட்டிய மனுஷர். இந்த மாதிரி தெருக்களில் எத்தனை தடவை தப்பான வீட்டு மணியை அடித்து அசடு வழிந்திருக்கிறார் என்று அவருக்குத்தான் தெரியும்.

"நம்பரை வடிவாப் பாருங்கோ பிள்ளை. ஒரு வீட்டைக் கட்டிப்போட்டு மிச்சத்தையெல்லாம் போட்டோ கொப்பி எடுத்திருக்கிறாங்கள்."

பார்கவி சிரிக்கவில்லை. வாட்ச்சைப் பார்த்தாள். நாலு மணிக்கு போலீஸ் வருகிறது. அதற்குள் ஒரு பெண் சொல்வது நிஜமா பொய்யா என்று கண்டுபிடித்தாக வேண்டும். நிஜம் என்றால் அதை நிரூபிக்கவும் வேண்டும். இதையெல்லாம் மூன்று மணி நேரத்துக்குள் கேட்பது அநியாயம் என்று சிறிக்குப் பட்டது. ஆனால் துப்பறிகிற கம்பெனிக்கு வருகிற ஆட்கள் என்றைக்கு நியாயமாகக் கேட்டிருக்கிறார்கள்?

பார்கவி திண்டுக்கல்காரி. பத்து வருஷம் ஒரு டெலிபோன் கம்பெனியின் புகார்ப் பிரிவில் குப்பை கொட்டியவள். அங்கே கேட்ட பொய்களே போதும் என்று வேலையை விட்டுவிட்டு, ஹோம்புஷில் ஒரு தோசைக் கடை மாடியில் 'பார்கவி விசாரணைகள்' என்று போர்டு மாட்டினாள். சிறி அவளுக்கு டிரைவர், உதவியாளர், வாய்த்துடுக்கு எல்லாம். ஊர் சாவகச்சேரி. அவள் அவரை அண்ணா என்பாள், அவர் அவளைப் பிள்ளை என்பார்.

நேற்று அந்த மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வந்தவள் விஜயா. மகனுக்குத் தெரியாமல் ரயில் பிடித்து வந்திருந்தாள். அவள் சொன்ன கதை இதுதான்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் விஜயா கடைக்குப் போயிருந்தபோது, வீட்டில் அவள் புருஷன் செந்தில்நாதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். கூட இருந்தது மருமகள் யாமினி மட்டும். ஆம்புலன்ஸ் வர ரொம்ப நேரமாகிவிட்டது. வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

அவசர உதவிக்கான ட்ரிப்பிள் ஜீரோவுக்குத் திரும்பத் திரும்பப் போட்டேன், போகவே இல்லை என்கிறாள் யாமினி. வேறு வழி தெரியாமல் மெயின் ரோட்டுக்கு ஓடி, பார்சல் வேன் ஒன்றை மறித்து, அந்த டிரைவர் போட்ட போனில்தான் ஆம்புலன்ஸ் வந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை வந்த சார்ஜென்ட் யாமினியின் போனை வாங்கிப் பார்த்தாள். ட்ரிப்பிள் ஜீரோவுக்குப் போட்ட தடயமே இல்லை. டெலிபோன் கம்பெனியும் அப்படி ஒரு அழைப்பு வரவில்லை என்று சொல்லிவிட்டது. சார்ஜென்ட் எல்லார் முன்னாலும் அந்த போனிலிருந்தே தன் நம்பருக்கு அடித்தாள். கணீரென்று மணி அடித்தது.

அதோடு யாமினியின் பேச்சு எடுபடாமல் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை அதே நேரத்தில் புருஷனுக்கு வாட்ஸப்பில் கூப்பிட்டிருக்கிறாள், அது அவன் போனில் இருக்கிறது. புருஷனைக் கூப்பிடத் தெரிந்தவளுக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிடத் தெரியாதா என்று சொந்தபந்தம் முழுக்க ஒரே பேச்சு. மாமனாருக்கு இந்தக் கல்யாணத்தில் ஆரம்பத்தில் இஷ்டமில்லை என்பதையும் யாரோ ஞாபகமாக எடுத்து வைத்தார்கள்.

"என் மருமக பொய் சொல்றாளா இல்லையா? அது மட்டும் தெரியணும்" என்றாள் விஜயா. "சொல்றான்னா அவ மூஞ்சியில முழிக்க மாட்டேன். சொல்லலைன்னா, இத்தனை நாளா நான் அவகிட்ட நடந்துக்கிட்டதுக்கு எனக்கு மன்னிப்பே கிடையாது."

வீட்டுக்குள் செந்தில்நாதனின் படத்துக்கு மாலை போட்டு விளக்கு ஏற்றியிருந்தது. அதற்கு எதிரே டைனிங் டேபிளில் யாமினி உட்கார்ந்திருந்தாள். மதுரைப் பெண். பக்கத்தில் ஒரு சைல்ட்கேரில் வேலை. அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது. அவளுடைய விசா இன்னும் முழுசாக வரவில்லை, அது புருஷன் பிரதீப்குமாரின் கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பெரியவர் சாகட்டும் என்று சும்மா இருந்தவள் என்று பெயர் வந்துவிட்டால் குழந்தைகள் இருக்கிற இடத்தில் எவன் வேலை கொடுப்பான்? இதை யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிரதீப் ஆபீசுக்குப் போயிருந்தான், நாலு மணிக்கு முன்னால் வந்துவிடுவான். அவன் ஒரு யோசனை சொல்லியிருக்கிறான் என்றாள் யாமினி. பதற்றத்தில் கூப்பிட மறந்துட்டேன் என்று சொல்லிவிடு, அது குற்றமில்லை, சார்ஜென்ட்டும் விட்டுவிடுவாள், இங்கேயே முடிந்துவிடும் என்று.

"நீங்க என்ன சொல்லப் போறீங்க?" என்றாள் பார்கவி.

"நான் போட்டேன் மேடம். போட்டதைப் போடலைன்னு எப்படிச் சொல்றது? ஆனா எல்லாரும் சொல்லிச் சொல்லி, இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு."

பார்கவி போனைக் கேட்டு வாங்கினாள். நிலோ 9. வெளிர் பச்சை, பின்னால் கறுப்பு கவர். மாமாவின் போனிலிருந்து கூப்பிட்டிருக்கலாமே என்று சிறி கேட்டார். அது பழைய பட்டன் போன், 3ஜி மூடினதோடு அதன் ஆயுசும் முடிந்தது, ட்ராயரில் கிடக்கிறது என்றாள் யாமினி. பக்கத்து வீடுகளில் பகலில் ஈ காக்கை இருக்காது. ரோட்டில் ஓடும்போது இந்த போனும் கை நழுவி சிமென்ட்டில் மோதிற்று, கடவுள் புண்ணியத்தில் ஒன்றும் ஆகவில்லை.

பார்கவி கவரைக் கழற்றி நாலு மூலையையும் விரலால் தடவினாள். ஒரு கீறல் கூட இல்லை. தன் நம்பருக்கு அடித்துப் பார்த்தாள். மணி அடித்தது.

"போன் நல்லாத்தான் வேலை செய்யுது" என்றார் சிறி மெதுவாக. அவருக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பொய் சொல்லுகிற முகமில்லை. ஆனால் டாக்ஸிக் காசு தராமல் இறங்கி ஓடினவர்கள் எல்லாரும் நல்ல முகக்காரர்கள்தான்.

பெரியவர் விழுந்த இடத்தைக் காட்டச் சொன்னாள் பார்கவி. சோபாவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில். அவள் கையிலிருந்த யாமினியின் போனையே தூக்கி அந்த இடத்தைப் படம் எடுக்கப் போனாள்.

விஜயா சட்டென்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தோளைக் குறுக்கினாள். பட்டாசுத் திரி கிள்ளினவனுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள் மாதிரி.

பார்கவி படம் எடுத்தாள். சத்தமே இல்லை.

விஜயா கண்ணைத் திறந்தாள். பார்கவி போனைக் கீழே இறக்கிவிட்டு அவளையே பார்த்தாள்.

"எதுக்கு ஆன்ட்டி அப்படிப் பயந்தீங்க?"

ஒன்றுமில்லை, பழக்க தோஷம் என்றாள் விஜயா. இந்த போனில் போட்டோ எடுத்தால் 'கிளிக்' என்று ஊரைக் கூட்டும். சைலண்ட்டில் போட்டாலும் கத்தும். முருகன் கோயிலில் ஒரு தடவை அர்ச்சகரே திரும்பிப் பார்த்தார். அவருக்கு, அதாவது செந்தில்நாதனுக்கு, அந்தச் சத்தம் ஆகவே ஆகாது. இப்போது சரியாகிவிட்டது போல.

"யாரு சரி பண்ணினது?" என்றாள் பார்கவி.

மாமியாரும் மருமகளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் தெரியவில்லை. இந்த ஒரு வாரமாக யாமினி போட்டோ எடுக்கிற நிலைமையில் இல்லை.

"அந்தச் சத்தம் எதிலயாவது பதிவாகியிருக்கா?"

விஜயா தன் போனை எடுத்துத் தேடினாள். போன மாசம் செந்தில்நாதனின் பிறந்தநாளுக்கு அவள் எடுத்த வீடியோ, குடும்பக் குரூப்பில் போட்டது. கேக், மெழுகுவர்த்தி, வெளிர் பச்சை போனை நீட்டிக்கொண்டு யாமினி. 'கிளிக்' என்று ஒரு சத்தம், அப்புறம் இன்னொன்று. செந்தில்நாதன் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "போட்டோ எடுக்குறியாம்மா, வெடி போடுறியா? அதை நிறுத்தவே முடியாதா?" முடியலை மாமா, எல்லா செட்டிங்ஸும் பார்த்துட்டேன் என்று யாமினியின் குரல். செத்துப்போன மனுஷரின் சிரிப்பு அந்த ஹாலில் கேட்டதும் விஜயா போனை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள்.  பார்கவி மட்டும் கல் மாதிரி நின்றாள். அவள் அப்படி நின்றால் எங்கேயோ மணி அடித்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த வீடியோவைத் தனக்கு அனுப்பச் சொல்லிவிட்டு, போன் எங்கே வாங்கியது என்று கேட்டாள். பிரதீப் கல்யாண நாளுக்குக் கொடுத்த பரிசு, ஹோம்புஷில் பாஸ்கர் கடையில் வாங்கினதாகச் சொன்னான் என்றாள் யாமினி. அந்த பாஸ்கர் குடும்பத்துக்கு வேண்டியவர். புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட வந்திருந்தார்.

"புதன்கிழமை உங்க போன் உங்க கையிலேயேதான் இருந்ததா?"

யாமினி யோசித்தாள். சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது, யாரோ வாங்கிச் சார்ஜ் போட்டுத் தந்தார்கள். அன்றைக்கு யார் என்ன செய்தார்கள் என்பது அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. மாமா உள்ளே வென்டிலேட்டரில் இருந்தார்.

பார்கவி அவளுடைய போனை ஒரு மணி நேரத்துக்குக் கடன் வாங்கிக்கொண்டு கிளம்பினாள். கார் ஓல்ட் வின்ஸர் ரோட்டில் ஏறியதும் சிறியால் அடக்க முடியவில்லை.

"பிள்ளை, எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லுங்கோ. சத்தம் போட்ட போன் இப்ப சத்தம் போடேல்லை. அதுக்கும் அந்தாள் செத்ததுக்கும் என்ன சம்பந்தம்?"

"இது அந்த போனே இல்லை அண்ணா."

சிறி பிரேக்கில் காலை வைத்துவிட்டு எடுத்தார். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.

பார்கவி சொல்லிக்கொண்டே வந்தாள். பெயர் ஒன்று, நிறம் ஒன்று, விளம்பரம் ஒன்று. ஆனால் போன் செய்கிறவன் ஒரே போனைச் செய்வதில்லை. ஒரே மாவுதான், தோசைக்கு ஒரு கல், ஆப்பத்துக்கு ஒரு சட்டி. ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு டெலிபோன் கம்பெனியும் தனக்கென்று வேறு அலைவரிசையைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறது. அதற்கேற்ற ஆன்டெனா உள்ளே வேண்டும். கம்பெனி தன் மென்பொருளை ஏற்றும், பூட்டுப் போடும், சோதித்துப் பார்த்து இது நம்ம வீட்டுப் பிள்ளை என்று சேர்த்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் ரெட்டைப் பிள்ளைகள். மாடல் நம்பரில் கடைசி எழுத்து மட்டும் மாறும், அதை எவன் பார்க்கிறான்?

"அப்ப அந்தக் கிளிக்?"

"ஜப்பான். அங்கே ரயில்ல திருட்டுத்தனமா பொம்பளைங்களைப் படம் எடுக்குறானுங்கன்னு, விக்கிற போன் எல்லாத்துலயும் அந்தச் சத்தத்தை நிறுத்த முடியாம வச்சிருக்காங்க. எங்க புகார்ப் பிரிவுக்கு வருஷத்துக்கு நாலு பேராவது இதுக்காகக் கூப்பிடுவாங்க. சத்தம் நிக்கலைன்னா அது ஜப்பான்காரனுக்குச் செஞ்ச போன்."

அவள் குரல் இறுகியது. முன்பெல்லாம் வெளிநாட்டு போன் இங்கே வந்தால், புது நெட்வொர்க் சேர்க்காவிட்டாலும் பேச்சு பழைய 3ஜியில் போய்விடும். இரண்டாயிரத்து இருபத்து நாலு கடைசியில் அதை மூடிவிட்டார்கள். இப்போது கம்பெனிக்குத் தெரியாத மாடலில் நெட் வரும், வாட்ஸப் வரும், படம் பார்க்கலாம். ஆனால் நம்பர் போட்டுக் கூப்பிட்டால் அழைப்பு போனை விட்டே வெளியே போகாது. இப்படிப்பட்ட போன்களைத் தேடித் தேடி இணைப்பை வெட்டிவிடச் சொல்லி அரசாங்க உத்தரவு. தேடுகிற வலையில் சிக்காதது ஒன்றிரண்டு இருக்கும்.

சிறி தன் வீட்டையே நினைத்துப் பார்த்தார். கடைசியாக யாருக்கு நம்பர் போட்டுப் பேசினார்? மகளோடு வாட்ஸப், கனடாவில் தம்பியோடு வாட்ஸப், பக்கத்து அறையில் இருக்கிற மனுசியோடும் வாட்ஸப். தமிழன் காசு போகிற வழியில் போன் பேசி எத்தனை காலமாகிவிட்டது! மாசக்கணக்காக அந்த போன் ஊமை என்பது வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாமல் போனதில் ஆச்சரியமே இல்லை. பெரியவர் விழுந்த அன்றைக்குத்தான் அது தெரிந்திருக்கிறது.

"அவன்தான்" என்றார் சிறி. "பாஸ்கர். ஜப்பான் சாமானை வித்துப்போட்டு, ஆள் சாகப்போகுதெண்டதும் ஆஸ்பத்திரிக்கே வந்து மாத்திப்போட்டான். கடையை இழுத்து மூடவேணும் உவன்ர."

பார்கவி கையிலிருந்த போனையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பாஸ்கரின் கடை ஹோம்புஷ் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்தது. கவர், சார்ஜர், உடைந்த கண்ணாடி மாற்றித் தரப்படும். கூட்டம் என்று சொல்ல இரண்டு ஸ்டூடன்ட்ஸ். சிறி முன்னால் போனார், பார்கவி வாசலில் கவர்களை வேடிக்கை பார்க்கிற மாதிரி நின்றாள். மனுசிக்குப் பிறந்தநாள் வருகிறது, வெளிர் பச்சையில் நிலோ 9 இருக்குமா, பழசென்றாலும் பரவாயில்லை என்று சிறி அளந்துவிட்டார்.

பாஸ்கர் கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். ஒரே ஒரு பீஸ், மூலையில் சின்ன அடி, அதனால் குறைத்துத் தருகிறேன் என்றார். கீழ் மூலையில் பச்சை பெயர்ந்து வெள்ளை தெரிந்தது. சிமென்ட்டில் விழுந்த அடி.

சிறி கேமராவைத் திறந்து பாஸ்கரின் முகத்தை நோக்கிப் பிடித்தார்.

கிளிக்!

ஸ்டூடன்ட்ஸ் இருவரும் திரும்பினார்கள். பார்கவி உள்ளே வந்து, தன் பையிலிருந்த போனை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் அச்சு அசல் ஒன்று.

"இந்தச் சத்தத்தை நிறுத்த முடியுமா பாஸ்கர் சார்?"

"அது... அந்த மாடல் அப்படி" என்று ஆரம்பித்தவர், அவள் கண்ணைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். ஸ்டூடன்ட்ஸை அனுப்பிவிட்டு கதவைச் சாத்தினார். சிறி கை இரண்டையும் கட்டிக்கொண்டு கதவில் சாய்ந்து நின்றார்.

நீங்கள் விற்ற போன் ஒரு மனுஷரைக் கொன்றுவிட்டது என்றாள் பார்கவி. பாஸ்கர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நான் விக்கலைம்மா. சத்தியமா நான் விக்கலை. அவன் கொண்டு வந்தான்."

எவன் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் பார்கவி கேட்டாள். பாஸ்கர் சொன்ன பெயரைக் கேட்டதும் சிறி கட்டியிருந்த கையை அவிழ்த்துவிட்டார்.

பிரதீப்குமார்தான். ஆபீஸ் வேலையாக ஒசாகா போனபோது அங்கே பாதி விலைக்கு வாங்கி வந்திருக்கிறான். போன மாசம் பிறந்தநாளுக்கு மறுநாள், அப்பா திட்டுகிறார், இந்தச் சத்தத்தை நிறுத்திக் கொடு என்று பாஸ்கரிடம் வந்தான். பாஸ்கர் அப்போதே சொன்னார். இது ஜப்பான் கம்பெனிக்குச் செஞ்ச பீஸ், சத்தம் நிக்காது, அதை விடு, இதுல இங்கே கால் போகாது, எமர்ஜென்சிக்குக் கூடப் போகாது, வீட்ல வயசானவங்களை வச்சுக்கிட்டு இதைக் கொடுக்காதே என்று. அடுத்த மாசம் மாத்திடலாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

புதன்கிழமை காலையில் கடை திறப்பதற்கு முன்னாலேயே வாசலில் நின்றான். அதே கலரில் லோக்கல் பீஸ் வேண்டும் என்றான். கடையில் இல்லை. எங்கெங்கோ சொல்லி மத்தியானம் வரவழைத்து பாஸ்கரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். பழைய போனில் இருந்ததையெல்லாம் இதில் ஏற்றச் சொன்னான். ஆனால் நேற்றைய அழைப்பெல்லாம் வேண்டாம், திங்கட்கிழமை ராத்திரி வரைக்கும் சேமித்தது போதும் என்றான். பாஸ்கருக்கு அப்போதே சந்தேகம் வந்தது. ஆனாலும் செய்து கொடுத்தார். பழையதை அழித்துவிட்டு உடைத்துப் போடு என்றானாம்.

"உடைக்கேல்லை" என்றார் சிறி.

நல்ல போனாச்சே, வைஃபையில ஜோரா ஓடுமே என்றார் பாஸ்கர். அவ்வளவுதான், சிறிக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. ஒரு ஆளைச் சாகக் கொடுத்த சாமானை இன்னொரு வீட்டுக்கு விற்கக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறான் பாவி!

"உம்மட அப்பா நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்தாலும் வைஃபையிலதான் ஆம்புலன்ஸுக்கு அடிப்பீரோ?" என்றார். பாஸ்கர் தலையைக் குனிந்துகொண்டார்.

பார்கவி அமைதியாக அடிபட்ட போனைப் பையில் வைத்தாள். எந்த சிம் எந்த நாளில் எந்தக் கருவிக்குள் இருந்தது என்பது டெலிபோன் கம்பெனிக்குத் தெரியும், இதுவரை யாரும் கேட்கவில்லை, இனிமேல் கேட்பார்கள் என்றாள். நீங்களாக இப்போது சொன்னதை சார்ஜென்ட்டிடமும் நீங்களாகவே சொன்னால் உங்களுக்கு நல்லது. பாஸ்கர் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

அந்த நேரம் அவள் போன் அதிர்ந்தது. விஜயா. குரலைத் தாழ்த்திப் பேசினாள். பிரதீப் சீக்கிரமே வந்துவிட்டான். சார்ஜென்ட் மூன்றரைக்கே வருகிறாளாம். அவன் யாமினியோடு தனியாகப் பேசினான். அவளும் ஒத்துக்கொண்டுவிட்டாள். கூப்பிடவில்லை என்று சொல்லிவிடப் போகிறாளாம்.

"அவ வாயைத் திறக்க விடாதீங்க ஆன்ட்டி" என்றாள் பார்கவி. "நாங்க வர்றோம்."

சிறி அன்றைக்கு ஓட்டின மாதிரி டாக்ஸி ஓட்டின காலத்தில் கூட ஓட்டினதில்லை. பரமட்டாவில் ஸ்கூல் விடுகிற நேரம், மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஆள் ஒருவர் கையை நீட்டி நிறுத்தி, ஒரு பட்டாளம் பிள்ளைகளை ஆடி அசைந்து கடக்க விட்டார். பார்கவி பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். தான் கூப்பிடவில்லை என்று அந்தப் பெண் ஒரு தடவை வாயால் சொல்லி அது பதிவாகிவிட்டால், அப்புறம் பத்து போனைக் கொண்டுவந்து போட்டாலும், ஏன் முன்னால் மாற்றிச் சொன்னாய் என்றுதான் கேட்பார்கள். அந்தக் கறை போகாது. சிறி தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டே ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

கெல்லிவில் தெருவில் போலீஸ் கார் ஏற்கனவே நின்றது. சார்ஜென்ட் உள்ளே உட்கார்ந்து யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் அவளைத் தாண்டி வாசலுக்கு ஓடினார்கள்.

ஹாலில் பிரதீப்குமார் யாமினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். நல்ல வாட்டசாட்டமான ஆள், ஒரு வாரத்துத் தாடி. முகத்தில் துக்கம் நிஜமாகவே இருந்தது, அதுதான் சிறிக்குத் தாங்கவில்லை. யார் இவங்க என்று எழுந்தவனை விஜயா கையமர்த்தினாள். நான்தான் வரச் சொன்னேன் என்றாள்.

பார்கவி இரண்டு போனையும் டேபிளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பிரதீப் அதைப் பார்த்தான். அடிபட்ட மூலையைப் பார்த்தான். மறுபடியும் உட்கார்ந்துவிட்டான்.

"ஒரு போட்டோ எடுங்க சார்" என்றாள் பார்கவி. "ரெண்டுலயும்."

அவன் கை நகரவில்லை. விஜயாதான் கையை நீட்டினாள். முதல் போனை எடுத்து மாலை போட்ட படத்தைப் பார்த்து அழுத்தினாள். சத்தமில்லை. அதை வைத்துவிட்டு இரண்டாவதை எடுத்தாள்.

கிளிக்.

விஜயா அந்த போனைப் பிடித்தபடியே நின்றாள். பார்கவி விளக்கம் சொல்ல வாயெடுத்தாள், சிறி அவள் முழங்கையைத் தொட்டு நிறுத்தினார். அந்த அம்மாவுக்கு விளங்கிவிட்டது.

"உங்கப்பா விழுந்தப்ப இவ கையில இருந்தது எதுடா?"

பிரதீப் சொல்லத் தொடங்கியதும் எல்லாம் கொட்டிவிட்டது. ஒசாகாவில் பார்த்தபோது அதே போன்தான் என்று நினைத்தான். பேசுவதெல்லாம் வாட்ஸப்பில்தானே என்று நினைத்தான். சிம் அவன் பெயரில் இருந்ததால் டெலிபோன் கம்பெனியின் எச்சரிக்கை மெயில் அவனுக்குத்தான் வந்தது, கம்பெனிகள் பயமுறுத்துவது வழக்கம்தானே என்று அழித்துவிட்டான். அன்றைக்கு மீட்டிங்கில் போன் சைலண்ட்டில் இருந்தது. ஆஸ்பத்திரியில் யாமினி, போட்டேன் போகலை என்று அழுதபோதுதான் பாஸ்கர் சொன்னது ஞாபகம் வந்தது.

"அப்பாவை நான் கொன்னுட்டேன்னு எப்படிம்மா உன்கிட்ட சொல்லுவேன்? அதான் யாமினி பயத்துல மறந்துட்டான்னு சொன்னா யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாங்கன்னு... அவளுக்கு ஒண்ணும் ஆகாம நான் பாத்துக்கிட்டிருப்பேன்."

யாமினி அவன் பிடியிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள். அவள் அழவில்லை. இந்த ஒரு வாரத்தில் அவள் அழாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

"இந்த வீட்ல ஒருத்தர் கூட என்னை நம்பலைன்னு நினைச்சேன். பைத்தியம் பிடிச்சிருச்சோன்னு கூட நினைச்சேன். ராத்திரியெல்லாம் உங்க தோள்லதான் சாஞ்சு அழுதேன். நீங்க தட்டிக் கொடுத்தீங்க. நான் சொல்றது நிஜம்னு இந்த உலகத்துல ஒரே ஒருத்தருக்குத் தெரியும். அது நீங்க."

பிரதீப் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

வாசல் மணி அடித்தது. அவன் பழக்கத்தில் எழப் போனான். விஜயா அவன் தோளில் கை வைத்து உட்கார வைத்தாள். பிறகு மருமகளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். 

யாமினி போய்க் கதவைத் திறந்தாள். சார்ஜென்ட் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, தயாரா, உட்கார்ந்து பேசலாமா என்று ஆங்கிலத்தில் மென்மையாகக் கேட்டாள்.

"உட்கார வேண்டாம், இப்பவே சொல்லிடறேன்" என்றாள் யாமினி. கட்டிப்போயிருந்த அவள் குரல் இப்போது தெளிவாக வந்தது. "நான் கூப்பிட்டேன். எந்த போன்ல இருந்து கூப்பிட்டேன்னு என் புருஷன் சொல்வார்."